செவ்வாய்க்கிழமை அரைப்பேர்

“முழுப்பேரையும் உங்களுக்கே குடுத்துட்டா எனக்கு என்னங்க மிச்சம்? வாரத்துல ஒரு அரைப்பேரு. அதத்தானே கேக்குறேன்!”

“எதுக்குடி அரைப்பேரு? நான் என்ன உன்னைய மலையில நிறுத்தியா வேலை வாங்குறேன்?”

“கத்தாதீங்க. அந்தப் பக்கம் வேலாமணி அக்கா காதை வச்சுக்கிட்டு இருக்கும்.”

வைத்துக்கொண்டுதான் இருந்தேன், அம்மிணி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு சுவர் என்று சொல்லிக்கொள்வது முக்கால் அங்குலப் பலகை. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். பலகையில் ஓரிடத்தில் மரத்தின் முடிச்சு உதிர்ந்து ஒரு கண் விழுந்திருந்தது. அது நான் போட்ட ஓட்டை இல்லை. அதில் யாரோ அடைத்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தது மட்டும் நான்.

ராஜப்ரியா, உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதியது என்று எண்ணெய்க் கறையிலேயே தெரிந்தது. போனில் பேச வழியில்லை, அவர் பக்கத்தை விட்டு நகர்வதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமான மறுநாளே வீட்டிலிருந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார், குளிக்கிற இடத்துக்குக்கூட ஒரு துணிதான் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். பத்து நிமிஷம் சத்தமில்லாமல் இருந்தால் ‘வாசுகி’ என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்கிறாராம். மூச்சு முட்டுகிறது, அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறாய். நீலகிரியில் அவர் அக்கா என்று சொல்வது என் ஒருத்தியைத்தான் என்பதால், முதல் பெண்டாட்டி எப்படிச் செத்தாள், அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய்.

நியாயமான கேள்வி. என் அளவுக்கு அது வேறு யாருக்கும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரரை நான் சசிதரன் என்றே எழுதுகிறேன், தம்பி மாதிரிப் பழகியவன். குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் பாக்டரியில், தேயிலையைக் காய வைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு போடுவது அவன் வேலை. என் வீட்டுக்காரர் ஆறுக்குட்டி அதே பாக்டரியில் கிளார்க். வாசுகி கொழுந்து பறிக்கப் போவாள். அவர்கள் இரண்டு பேர் குடும்பமும் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவை. நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கம்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, மலை முழுக்க இழவு வீடு மாதிரி கிடந்த சமயம் அது. பாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மிச்ச நாலு நாளும் ஆம்பளைகள் வீட்டில். அதுவரை ஷிப்டுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டிகள் இப்போது ஒரே அறையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை. எல்லா வீட்டிலும் சண்டை. எனக்கு ரேடியோவே வேண்டியிருக்கவில்லை.

நான் முதலில் எழுதிய சண்டை எப்படி முடிந்தது தெரியுமா? சசிதரன் சிரித்துவிட்டான். கங்காணி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு, “சரி, எழுதிக்க. வாசுகி. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல அரைப்பேரு. அந்திக்குள்ள வீடு வந்து சேரணும்” என்றான். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை சோறு உண்டதும் வாசுகி ஒரு கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்க்காட்டுப் பக்கம் இறங்கிப் போவாள். வாசலில் நின்று, “அரைப்பேருக்குப் போறேன்” என்பாள். “போய்ட்டு வா” என்பான் அவன். அங்கே என்ன செய்வாய் என்று கேட்கமாட்டான், பின்னால் போகமாட்டான். இதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்க வேண்டுமாம்.

எங்கள் பக்கம் பேர் என்றால் பேர்தான். அரைப்பேர் என்றால் பாதி மட்டும் சொல்கிற பேர். யார் பேரைப் பாதி சொல்வார்கள்? மறைக்க வேண்டியவன் பேரை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கீழ்க்காட்டில் இருந்தது ஒரு கொழுந்து ஷெட், பறித்த இலையை எடை போடுகிற தகர அறை. அங்கே பறிப்பு நின்று போனதால் பூட்டிக் கிடந்தது. சாவி வாட்ச்மேன் அம்புரோஸிடம். அம்புரோஸ் நாலரை அடி உயரம். பிள்ளைகள் அவரை அரை டிக்கெட் என்று கூப்பிடும்.

குழாயடியில் நான் சொன்னது இவ்வளவுதான்:

“வாசுகி செவ்வாய்க்கிழமையானா அரைப்பேரைப் பாக்கப் போறாளாமா.”

“அதாருங்க்கா அரைப்பேரு?”

“நம்ம லைன்ல அரையா இருக்கறது ஆரு? நீங்களே ரோசனை பண்ணிக்குங்க. நான் ஒண்ணுஞ் சொல்லலைங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். இரண்டு நாளில் லைன் முழுக்க அம்புரோஸுக்கு அரைப்பேர் என்று பேர். ஜெபமாலையும் கையுமாக இருக்கிற அறுபது வயது மனுஷர். அவரைப் பார்த்துப் பிள்ளைகள் இருமும். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் பேச்சு பலகைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து ஒரு நல்ல சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் அங்கே பேச்சு ஓயாது. அவன் தேங்காய் ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து வைத்திருப்பான். அவள் வந்ததும், “என்ன கங்காணி, அடுப்பு மட்டும் மணக்குது, வீடு கூட்டலையா?” என்பாள். அவன் ஏதோ சொல்வான். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் பேசுவார்கள். வாரத்தில் மற்ற நாட்களிலும் சண்டை குறைந்துவிட்டது. காகிதத்தை எடுத்ததே வீண் என்று ஆகிவிட்டது எனக்கு.

எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஆறுக்குட்டி மேசைக்கு எதிரே பாக்டரி சன்னல். நான் துணி காயப்போடும் கொடி அதற்கு நேர் எதிரே. முப்பது வருஷத்தில் அவர் நிமிர்ந்து பார்த்து நான் தெரியாமல் போனது இல்லை. அன்பு என்றால் அதுதான்.

மார்கழி வந்தது. அந்தத் தகர அறையில் குளிர் ஏறும். சன்னலுக்கு வெளியே பலகை அடித்திருந்தார்கள். உள்பக்கம் வாசுகி சாக்கைத் திணித்து இண்டு இடுக்கையெல்லாம் காகிதத்தால் அடைத்தாள். பழைய பிஸ்கட் டின்னில் கரி போட்டு மூட்டிக்கொள்வாள். மலையில் வருஷத்துக்கு ஒரு வீட்டிலாவது, கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டித் தூங்கினவர்கள் எழுந்திருக்காமல் போவது உண்டு. புகையே வராது, தெரியவே தெரியாது. லைனுக்குக் குடிவருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாசுகியிடமும் சொல்லியிருந்தேன். “கதவை ஒரு சாண் தொறந்து வெச்சுக்கோணும் கண்ணு. சாத்திக்காம இருக்கக் கல்லோ கட்டையோ முட்டுக் குடுத்துக்கோ.” சசிதரன் டிரையர் அடுப்பிலிருந்து கழற்றிப் போட்ட மஞ்சள் செங்கல் ஒன்றைக் கொண்டுபோய் அவளுக்கு வைத்துக் கொடுத்தான். எழுத்து பொறித்த செங்கல், நல்ல கனம்.

பொங்கல் கழிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை. இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. நாலரை மணிக்கு நான் சசிதரன் வீட்டு வாசலில் நின்று, “தம்பி, வாசுகிய இன்னும் காணமுங்களே, பனி இப்பிடிக் கெடக்குது. வாங்க, போய்க் கூட்டியாந்தரலாம்” என்றேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். மாவுக் கையோடு வந்தான். வழியில் பனி பாலாக நின்றது. நான் முன்னால் போனேன். நான் கதவைத் திறந்தபோது அவன் வளைவில் வந்துகொண்டிருந்தான். வாசுகி கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். டின்னில் கரி இன்னும் சிவப்பாக இருந்தது. “காத்துல கதவு சாத்திக்கிச்சாட்ட இருக்குது தம்பி” என்றேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் பிறகு எல்லோரும் சொன்னது. ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொன்னார்கள், விசாரிக்க வந்தவர்களும் அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். நான் கிளப்பிவிட்ட பேச்சிலேயே அவ்வளவு தூரம் போனது அதுதான்.

சசிதரன் மட்டும் நம்பவில்லை. அவன் இரண்டு நாள் அந்த ஷெட்டைச் சுற்றிச் செங்கலைத் தேடினான். செங்கல் இல்லை. செங்கல் இல்லையென்றால் காற்று எப்படிச் சாத்தும்? அவளே எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டு, தானே சாத்திக்கொண்டாள் என்று அவன் முடிவுக்கு வந்தான். “அரைப்பேரு குடுத்தேன்க்கா. முழுசா எடுத்துக்கிட்டா” என்று என் வீட்டில் வந்துதான் அழுதான். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

உன் வீட்டில் தாழ்ப்பாள் இல்லாததற்குக் காரணம் இதுதான் அம்மிணி. தனியாக விட்டால் பெண்டாட்டி செத்துப்போவாள் என்று நினைக்கிறான்.

இதுவரை எழுதியதில் பொய் கிடையாது. ஆனால் நடுவில் சிலதை விட்டுவிட்டேன். அதையும் எழுதினால்தான் உன் கேள்விக்குப் பதில் ஆகும்.

தை மாதம் பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை நான் வாசுகி பின்னாலேயே போயிருந்தேன். அம்புரோஸ் பூட்டைத் திறந்துவிட்டு, தன் பாட்டுக்கு மேல் கேட்டுக்குப் போய்விட்டார். தகரத்தில் ஆணி பெயர்ந்த துளை ஒன்று இருந்தது. அவள் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு உரித்தாள். தோலை வட்டமாக அடுக்கினாள். சுளை சுளையாக நார் எடுத்து, அவசரமே இல்லாமல் தின்றாள். பிறகு காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். அரை மணி நேரம் ஒன்றும் செய்யவில்லை. நின்று நின்று எனக்குக் கால் மரத்துவிட்டது. கிளம்பலாம் என்று நான் திரும்பும்போது அவள் சிரித்தாள். எதையோ நினைத்து, தனக்குத் தானே.

அங்கே அம்புரோஸ் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி ஒன்று என்றால் எனக்குப் புரியும், ஊருக்கும் புரியும். புருஷன் வீட்டில் சும்மா இருக்கும்போது, அவனை விட்டுவிட்டு வந்து, யாருமில்லாத இடத்தில் ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறாள் என்றால் அதை என்னவென்று சொல்வது?

மறுநாள் பொன்னாயி என்னைக் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். அவளும் சிலோனிலிருந்து வந்தவள், வாய் நீளம்.

“என்னக்கா, அரைப்பேருன்னா அம்புரோஸ் அண்ணன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களாம்?”

“நான் எங்கீங்க சொன்னேன்?”

“அரைப்பேருன்னா ஆளு இல்ல. தோட்டத்துல முழு நாளு வேலை செஞ்சா ஒரு பேரு, அரை நாளு செஞ்சா அரைப்பேரு. சிலோன்ல அப்பிடித்தான் சொல்றது. அந்தப் புள்ள அரை நாளைத் தனக்குன்னு வச்சுக்கிட்டா, அம்புட்டுத்தான். உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?”

“எனக்கெங்கீங்க எரியுது” என்றேன். ஆனால் சொன்னது தப்பு என்று சொல்ல எட்டு வீடு ஏறி இறங்க வேண்டும். எட்டு வீட்டிலும் சிரிப்பார்கள். வேலாமணிக்கு அரைப்பேர் தெரியாது என்பார்கள்.

ஆக, பனி இறங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கீழ்க்காட்டுக்கு இறங்கியபோது எனக்கு எல்லாம் தெரியும். உள்ளே ஆள் இல்லை என்று தெரியும். அம்புரோஸ் காந்தல் சர்ச்சுக்குப் போயிருக்கிறார் என்று தெரியும். சாவியை வாசுகி கையில் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறியதை நான் பார்த்தேன். நேரம் இரண்டரை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. குனிந்து செங்கலை எடுத்தேன். அத்தனை வருஷம் டிரையர் அடுப்பில் வெந்த செங்கல், ஜில்லென்று இருந்தது. கதவைச் சாத்தி, வெளிக்கொண்டியை மாட்டினேன். ஒரு அரை மணி நேரம் உள்ளே பயந்து கிடந்தால் போதும், தனியாக இருப்பது எப்படி என்று தெரிந்துவிடும், அப்புறம் புருஷன் பக்கத்தை விட்டு நகரமாட்டாள் என்பது என் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

தட்டினாள். மூன்று தட்டு, மெதுவாக.

“அம்புரோஸ் அண்ணே, வந்துட்டீங்களா? நான் உள்ள இருக்கேன்.”

யாரோ தெரியாமல் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துச் சொன்ன குரல். நான் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, “யாரு?” என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து, “வேலாமணி அக்காவா?” என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் நான் நின்றாலும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். என் முழுப்பேரையும் சொல்லிவிட்டாள். அதன் பிறகு எப்படித் திறப்பது, நீயே சொல். திறந்தால் சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் என் பேரைச் சொல்லிச் சிரிப்பார்கள். செங்கலைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

கரி நினைவிருந்ததா என்று கேட்பாய். நினைவிருந்தது. ஏறி வருகிற வழியெல்லாம் நினைவிருந்தது. சாக்கைப் பிடுங்கிக்கொள்வாள், கரியில் தண்ணீர் ஊற்றுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே பலகை அடித்திருப்பதும், ஷெட்டுக்குக் குழாய் இல்லாததும்கூட நினைவிருந்தது.

மூன்று வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில் பீன்ஸுக்கு நார் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் குழந்தைக்குப் போட்ட ஸ்வெட்டரைப் பார்த்தேன். மூன்று வீட்டிலும் வாசுகியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்படி இருந்த மத்தியானம் அது ஒன்றுதான். இரண்டு மணி நேரம். அப்புறம்தான் சசிதரனிடம் போனேன். அவனுக்கு முன்னால் நடந்ததும் கொண்டியை எடுக்கத்தான். பனி இருந்தது வசதியாகப் போயிற்று. சாக்கின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. அவள் நகத்தில் சணல் இருந்தது. அதை யாரும் பார்ப்பதற்கு முன் நான்தான் கையைக் கம்பளிக்குள் வைத்து மூடினேன்.

அவளாகச் சாத்திக்கொள்ளவில்லை. அவன் கொடுத்த அரைப்பேர் அவளைக் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்.

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காட்டினால் அன்றைக்கே கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வருவான், எனக்கு அவனைத் தெரியும். நீ அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அதுவும் என் கணக்கில் வந்து சேரும். எனக்கு ஒன்று போதும். செங்கலையும் அனுப்பலாம் என்றுதான் பார்த்தேன். என் வாசல் கதவுக்கு அதுதான் முட்டு, இல்லாவிட்டால் காற்றில் அடித்துக்கொள்கிறது.

மற்றவர்களைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாவியை அவள் கையில் கொடுத்ததற்காக அம்புரோஸை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மசினகுடியில் ஏதோ ரிசார்ட்டில் கேட் காக்கிறாராம். அந்த வருஷமே பாக்டரியை மூடினார்கள். பொன்னாயி உங்கள் திருப்பூருக்குத்தான் வந்தாள். மகளை அங்கேயே ஒரு டெய்லருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாள், எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. சசிதரன் நாலு வருஷம் ஒண்டியாக இருந்துவிட்டு உன்னைக் கட்டினான். பலகைக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை.

ஆறுக்குட்டி கோயமுத்தூரில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். டிரையர் அடுப்புச் செங்கல் லைனில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. பாக்டரி கிளார்க், பார்த்ததுமே தெரிந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. ரொம்ப நாள் அதைத் தாண்டித் தாண்டித்தான் உள்ளே வந்து போனார். கிளம்புகிற அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வேலாமணி, எனக்கும் ஒரு அரைப்பேரு வேணும்” என்றார்.

அரை நாள்தானே, வந்துவிடுவார் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற தையோடு மூன்று வருஷம் ஆகிறது.